பண்டகசாலையிற் பிறந்த இசை

இசைக் கலைஞர் என்ற சொல் செவியில் விழுந்ததும் நம் மனக்கண் முன்னே தோன்றுபவர் யார்? வாய் திறந்து பாடுபவர் தோன்றுவார். வீணையை மடியில் ஏந்தியவர் தோன்றுவார். தவிலோ மிருதங்கமோ முழக்குபவர் தோன்றுவார். பிறர் பாடிய இசைத்தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் ஒருவரை இவ்வரிசையில் அமர்த்துவதற்கு நாம் எளிதில் உடன்படுவதில்லை. தட்டைத் தெரிந்து ஊசியை வைப்பது ஒரு பணி. அது கலையாகுமா என்று கேட்கத் தோன்றும். வானொலியின் வழியாக இசைத்தட்டுக்களைக் கேட்டுப் பழகிய நேயர்களுக்கு இக்கேள்வி அந்நியமானதன்று.

இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாகத் தந்தவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் பிராங்கி நக்கிள்ஸ். இன்று உலகின் பெருநகரங்கள் அனைத்திலும் இரவு நடனக் கூடங்களை நிறைக்கும் மின்னணு நடன இசைக்கு மூலவர்களுள் ஒருவராக அவர் எண்ணப்படுகின்றார். பாடகராக அவர் பெயர் பெற்றதில்லை. வாத்திய வித்துவானாக மேடையேறியதுமில்லை. ஆயினும் அவர் தொழில் நடத்திய ஒரு கட்டடத்தின் பெயரிலிருந்தே ஒரு புதிய இசைவகை தன் பெயரைப் பெற்றது. அவருடைய வாழ்க்கையையும் தொழிலையும் ஒருங்கே நோக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் அத்தொழிலின் இயல்பை விளங்கிக்கொள்வோம். வானொலியில் இசைத்தட்டு ஒலிபரப்புபவர் ஒரு பாடல் முடிந்ததும் சில வார்த்தை பேசுவார். பின்னர் அடுத்த பாடலை ஒலிக்கச் செய்வார். இடைவெளி அங்கே குற்றமாகாது. நடனக் கூடத்திலோ இடைவெளி ஆட்டத்தைக் கொன்றுவிடும். இசை நின்றால் கால்கள் நிற்கும். கால்கள் நின்றால் கூட்டம் கலையும். ஆகவே, டீ.ஜே. என வழங்கப்படும் இசைத்தட்டுக் கலைஞருக்கு இரண்டு சுழல்மேடைகள் வேண்டும். ஒன்றில் ஒரு பாடல் கூடம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்க, மற்றொன்றில் அடுத்த பாடலை அவர் தம் காதொலிப்பான் மூலம் தாம் மட்டும் கேட்டுச் சித்தஞ் செய்வார். இரண்டுக்கும் நடுவே மிக்சர் என்னும் ஒரு பெட்டி இருக்கும். ஓர் ஒலியை மெல்லத் தணித்து மற்றையதை மெல்ல உயர்த்துவதற்கு அது உதவும்.

இங்கேதான் நுட்பம் தொடங்குகின்றது. ஒரு பாடலின் தாளம் நிமிடத்திற்கு 120 அடி என்றும், அடுத்த பாடலின் தாளம் 118 அடி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒருங்கே ஒலிக்கவிட்டால் அரை நிமிடத்திற்குள் ஓர் அடி பிசகிவிடும். ஆடுவோரின் கால்கள் தடுமாறும். எனவே இரண்டாவது தட்டின் சுழற்சியை நூற்றுக்கு இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரைவுபடுத்தல் வேண்டும். 1979இல் யப்பானிய டெக்னிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சுழல்மேடை ஒன்றில் வேகத்தை நூற்றுக்கு எட்டுப் பங்குவரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவு விசை அமைந்திருந்தது. அது பின்னர் உலகெங்கும் டீ.ஜே.க்களின் கருவியாயிற்று. கருவி வேகத்தை மாற்றும். ஆனால் இரண்டு தாளங்களும் இணைந்துவிட்டனவா என்பதை அந்நாளில் செவி ஒன்றே சொல்லவேண்டும். சுருதி சேர்ப்பதற்குப் பயின்ற செவி வேண்டியிருப்பது போலவே தாளஞ் சேர்ப்பதற்கும் வேண்டியிருந்தது.

பிராங்கி நக்கிள்ஸ் 1955ஆம் ஆண்டு சனவரி 18ஆந் திகதி நியூயோர்க் நகரின் பிறொங்ஸ் பகுதியில் கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையில் அவர் பயின்றது இசையன்று. துணிகளுக்குச் சித்திரக் கோலம் அமைக்கும் கலை. அக்காலத்தில் அவருக்கு உற்ற தோழராக வாய்த்தவர் லறி லெவன் என்பார். இருவரும் சேர்ந்து நகரத்து நடனக் கூடங்களுக்குச் செல்வர். "த கலரி" என்ற கூடத்தில் நிக்கி சியானோ என்னும் டீ.ஜே.யிடம் சிறு பணிகள் செய்துகொண்டே தொழிலின் நெளிவுசுழிவுகளைக் கண்டறிந்தனர். பின்னர் அன்சோனியா என்னும் பெரிய ஹோட்டல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இயங்கிய "கொன்டினென்டல் பாத்ஸ்" என்ற நீராடு நிலையத்தில் இருவரும் இசைத்தட்டு ஒலிக்கும் பணியில் அமர்ந்தனர். இரவு தோறும் பல மணி நேரம் தட்டுக்களோடு பழகிய அந்த ஆண்டுகளே நக்கிள்சுக்குப் பள்ளிக்கூடமாயின.

அக்கூடங்களுக்கு வந்தவர் யாவர் என்பதையும் இங்கே கூறவேண்டும். பெரும்பாலோர் கறுப்பின மக்களும் இலத்தீன் அமெரிக்க வழிவந்தோரும் ஆவர்; அவர்களுட் பலர் தன்பாலீர்ப்புடையோர். நக்கிள்சும் அவ்வாறானவரே, அதனை அவர் மறைத்ததில்லை. ஆடவர் இருவர் சேர்ந்து ஆடுவதையே குற்றமாகக் கருதிய காலம் அப்பொழுதுதான் கழிந்துகொண்டிருந்தது. 1969ஆம் ஆண்டு யூன் மாதம் நியூயோர்க்கில் ஸ்டோன்வோல் என்னும் விடுதியைப் பொலிசார் சோதனையிட்டபோது, அங்கிருந்தோர் பணிந்து போகாமல் எதிர்த்து நின்றனர். அந்நிகழ்ச்சிக்குப் பின்னரே அவர்கள் ஓரளவு தலைநிமிர்ந்து கூடி ஆடத் தொடங்கினர். நிறத்தால் ஒரு கதவும், இயல்பால் மற்றொரு கதவும் அடைக்கப்பட்டவர்களுக்கு நடனக் கூடம் வெறும் கேளிக்கையிடமாக இருத்தல் இயலாது. வாரத்தில் ஓர் இரவாவது அஞ்சாமல் இருப்பதற்கு அது புகலிடமாயிற்று. இதனை மனத்திற் கொண்டாலன்றி நக்கிள்சின் கலையை நாம் விளங்கிக்கொள்ளல் அரிது.

1977ஆம் ஆண்டில் அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது. நியூயோர்க்கிலிருந்து சிக்காகோவிற் குடியேறியிருந்த றொபேட் வில்லியம்ஸ் என்பவர் அங்கே ஒரு நடனக் கூடம் திறக்க எண்ணினார். அதற்கு முதலில் அழைத்தது லறி லெவனை. லெவன் நியூயோர்க்கை விட்டு வர விரும்பவில்லை. பின்னர் அந்நகரிலேயே "பாரடைஸ் கராஜ்" என்ற கூடத்தில் அவர் பெரும்புகழ் பெற்றார். அவர் மறுத்த இடம் நக்கிள்சுக்குக் கிடைத்தது. தென் ஜெபர்சன் வீதியில் 206ஆம் இலக்கக் கட்டடம் அது. தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் நிறைந்த பகுதியில் நின்ற மூன்று மாடிக் கட்டடம். மக்கள் அதனை "வெயர்ஹவுஸ்", அதாவது பண்டகசாலை என்றே அழைத்தனர். மதுபானம் விற்கப்படாத அவ்விடத்தில் பழச்சாறும் தண்ணீருமே கிடைத்தன. சனிக்கிழமை இரவு தொடங்கும் ஆட்டம் ஞாயிறு பொழுது புலர்ந்த பின்னரும் நீண்டுசெல்லும்.

இவ்வாறு கூடம் செழித்து வருகையில், அதே நகரத்தில் அதன் இசைக்கு எதிராக ஒரு பேரிரைச்சல் எழுந்தது. அக்காலத்தில் டிஸ்கோ என்னும் நடன இசை அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது. மிகையாகப் பரவிய எதற்கும் நேர்வது போல அதற்கும் வெறுப்பாளர் பலர் தோன்றினர். 1979ஆம் ஆண்டு யூலை 12ஆந் திகதி சிக்காகோவின் கொமிஸ்கி பார்க் மைதானத்தில் பேஸ்போல் ஆட்டங்கள் இரண்டு நடைபெறவிருந்தன. ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ஓர் அழைப்பு விடுத்தார். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவருவோர் 98 சதம் கொடுத்து உள்ளே வரலாம். தட்டுக்கள் அனைத்தும் முதலாம் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் நடுவே வெடிவைத்துத் தகர்க்கப்படும் என்பதே அவ்வழைப்பு. எதிர்பாராத பெருங்கூட்டம் திரண்டது. வெடி வெடித்ததும் ஆயிரக்கணக்கானோர் மைதானத்துள் பாய்ந்தனர். தரை பாழாயிற்று, இரண்டாவது ஆட்டம் கைவிடப்பட்டது.

அன்றிரவு அம்மைதானத்தில் இருக்கை காட்டும் வேலை பார்த்த கறுப்பின இளைஞர் ஒருவர் வின்ஸ் லோறன்ஸ் என்பவர். மக்கள் கொண்டுவந்து குவித்த தட்டுக்களுள் டிஸ்கோ அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுக்களும் பல இருந்தன என்று அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். கறுப்பினத்தார் பாடினால் அது டிஸ்கோ, அதனைத் தகர்க்கலாம் என்ற மனநிலையைச் சிலர் அங்கே கண்டனர். இளைஞர்களின் விளையாட்டே அது என்று வேறு சிலர் கூறினர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. வானொலி நிலையங்கள் டிஸ்கோவைக் கைவிடத் தொடங்கின. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களும் அவ்விசையை வெளியிடுவதைச் சுருக்கிக்கொண்டன.

நக்கிள்சுக்கு இது தொழில் நெருக்கடி. ஆடுவோர் வாரந்தோறும் வருகின்றனர். ஆடத்தக்க புதிய தட்டுக்களோ அருகி வருகின்றன. என் செய்வது? பழைய தட்டுக்களைப் புதியனவாக்குவது என்று அவர் துணிந்தார். அந்தத் துணிவே ஒரு புதிய இசைக்கு வித்தாயிற்று.

இதற்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. ஏழு அங்குலத் தட்டில் அடங்கும் பாடல் மூன்று அல்லது நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். பன்னிரண்டு அங்குலத் தட்டிலோ வரித்தடங்களுக்கிடையே அகலம் மிகுதி. ஆதலால் நீண்ட பாடலும் ஆழ்ந்த ஒலியும் அதிற் பொருந்தும். 1976ஆம் ஆண்டில் வோல்ட்டர் கிபன்ஸ் என்னும் டீ.ஜே. "டென் பெர்சென்ட்" என்ற பாடலை ஒன்பது நிமிடத்திற்கு மேலாக நீட்டி அமைத்தார். அது பன்னிரண்டு அங்குலத் தட்டாக விற்பனைக்கு வந்து வெற்றி பெற்றது. பாடலை ஆட்டத்துக்கேற்ப மாற்றியமைக்கலாம் என்ற எண்ணம் அவ்வாறு வேரூன்றியது.

நக்கிள்ஸ் கையாண்ட கருவி ஒலிப்பதிவு நாடா. பாடலை நாடாவிற் பதிந்து, வேண்டிய பகுதியை மீண்டும் மீண்டும் பதிந்து, கத்தியால் வெட்டி ஒட்டுவது முறை. இதன் நுட்பத்தைக் கணக்காற் காட்டலாம். அந்நாளில் ஒலிப்பதிவுக் கூடங்களில் வழங்கிய வேகங்களுள் ஒன்று விநாடிக்கு 15 அங்குலம். நிமிடத்திற்கு 120 அடியுள்ள தாளத்தில் ஓர் அடிக்கு அரை விநாடி. எனவே ஓர் அடி நாடாவில் ஏழரை அங்குலம் நீளும். நான்கடி கொண்ட ஓர் ஆவர்த்தம் 30 அங்குலம் ஆகும். வெட்டு கால் அங்குலம் பிசகினும் தாளம் இடறுவதைக் கூரிய செவி கண்டுகொள்ளும். பாடகியின் குரல் ஓய்ந்து தாளமும் கீழ்ச்சுருதி வாத்தியமும் மட்டும் ஒலிக்கும் சில விநாடிப் பகுதியை நக்கிள்ஸ் எடுத்துப் பல நிமிடமாக்குவார். ஆடுவோர் அந்தத் தாளத்தில் ஆழ்ந்து, குரல் எப்பொழுது திரும்புமோ என்று ஏங்கியிருக்கும் வேளையில் குரலை மீட்பார். சில இரவுகளில் விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டு, விரைந்து வரும் புகைவண்டியின் ஓசையைக் கூடம் அதிர ஒலிக்கச் செய்வாராம். இருளில் நின்றோர் வண்டி தம்மீதே வருவதாகக் கூச்சலிடுவராம்.

இவ்விசையின் புகழ் நகரமெங்கும் பரவிற்று. இசைத்தட்டுக் கடைகளுக்குச் செல்லும் இளைஞர் வெயர்ஹவுசில் ஒலிக்கும் தட்டு வேண்டும் எனக் கேட்கலாயினர். கடைக்காரரும் அத்தட்டுக்களைத் தனியே அடுக்கி, அக்கூடத்தின் பெயரை எழுதி வைத்தனர். நாளடைவில் அந்நீண்ட பெயர் குறுகி "ஹவுஸ்" என்று நின்றது. ஹவுஸ் இசை என்ற பெயர் இவ்வாறு தோன்றியதென்பதே பலரும் ஒப்பும் வரலாறு.

1980களின் தொடக்கத்தில் நக்கிள்ஸ் வெயர்ஹவுசை விட்டு நீங்கி, "பவர் பிளான்ட்" என்ற கூடத்தைத் தாமே தொடங்கினார். வெயர்ஹவுசின் பழைய உரிமையாளரோ "மியூசிக் பொக்ஸ்" என்ற புதிய கூடத்தில் றொன் ஹார்டி என்னும் டீ.ஜே.யை அமர்த்தினார். நக்கிள்சின் வழி மெருகும் நிதானமும் உடையது. ஹார்டியின் வழி வேகமும் முரட்டுத் துணிவும் உடையது. இளைஞர்கள் தாங்கள் வீட்டிற் செய்த இசையை நாடாக்களிற் கொண்டுவந்து இக்கூடங்களிற் கொடுப்பர்; ஆடுவோர் ஏற்றால் அது வாழும், ஏற்காவிடில் அன்றிரவே மறையும். இவ்வாறு நடனக் கூடம் கலைஞர்களை உருவாக்கும் பயிற்சிக் களமுமாயிற்று.

இந்நிலையில் நக்கிள்சின் கைக்கு வந்தது ஒரு தாளப்பொறி. யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1983இல் வெளியிட்ட டீ.ஆர். 909 என்பது அதன் பெயர். டெற்றொயிற் நகரின் இளங்கலைஞர் டெறிக் மே என்பவரிடமிருந்து நக்கிள்ஸ் அதனை வாங்கினார். அப்பொறியின் முகப்பிலே 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். ஓர் ஆவர்த்தத்தை 16 கூறாகப் பகுத்து, எந்தக் கூறில் எந்த ஒலி வேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தவேண்டும். 1, 5, 9, 13 என்னும் நான்கு பொத்தான்களில் பெரு முழவின் ஒலியை அமைத்தால், ஹவுஸ் இசையின் அடித்தளமாகிய சமமான நான்கடித் தாளம் பிறந்துவிடும். பொறி களைப்பின்றி அதனைத் திரும்பத் திரும்ப முழக்கிக்கொண்டே இருக்கும். உண்மையான முழவை இப்பொறி ஒத்திருக்கவில்லையென்று தொழில்முறை வாத்தியகாரர் பலர் ஒதுக்கிவிட்டனர். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தியும் நின்றது. பழைய பொருளாய்க் குறைந்த விலைக்கு வந்த இத்தகைய பொறிகள், வாத்தியம் வாங்கவும் குழு அமைக்கவும் வசதியற்ற இளைஞரின் கைகளிற் சேர்ந்தன.

1984ஆம் ஆண்டில் ஜெசி சோண்டர்ஸ் என்பவர் "ஒன் அன்ட் ஒன்" என்ற தட்டை வெளியிட்டார். ஹவுஸ் இசையின் முதற்றட்டு என்று அதனைப் பலர் குறிப்பர். அதனை அவரோடு சேர்ந்து ஆக்கியவர் யார் தெரியுமா? கொமிஸ்கி பார்க்கில் இருக்கை காட்டிக்கொண்டு, இசைத்தட்டுக்கள் வெடித்துச் சிதறுவதைக் கண்ணாரக் கண்ட அந்த வின்ஸ் லோறன்சே. ஓரிசையைத் தகர்த்த நகரத்திலேயே ஐந்தாண்டுகளுக்குள் அதன் வழித்தோன்றல் எழுந்து நின்றது.

நக்கிள்ஸ் இசையாக்குநராக மாறியதும் இக்காலத்திலேதான். ஜேமி பிரின்சிபிள் என்னும் இளைஞர் இயற்றிப் பாடிய "யோர் லவ்" என்ற பாடல் முதலில் நாடாவாகவே நக்கிள்சின் கூடத்தில் ஒலித்துப் பெயர் பெற்றது. பின்னர் அவருடைய கைவண்ணத்தோடு தட்டாயிற்று. ஆனால் 1987இல் வந்த தட்டில் முன்னின்ற பெயர் நக்கிள்சுடையது. பாடலை ஆக்கியவர் பிரின்சிபிள் என்பதைப் பலர் நெடுங்காலம் அறியவில்லை. அந்நாளைய ஹவுஸ் இசையுலகில் பெயரும் பொருளும் உரியவரைச் சென்றடையாமை பொதுக் குறையாயிருந்தது. இளைஞர்கள் சிறுதொகை பெற்றுக்கொண்டு உரிமையைக் கைவிட்டனர். லறி ஹேர்ட், றொபேட் ஓவன்ஸ் என்னும் இரு முன்னோடிகள் தம் ஆரம்பகாலப் பாடல்களின் உரிமைக்காக 2020இல் வழக்குத் தொடுத்து, 2022இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலமே அவற்றை மீளப்பெற்றனர். புதிய இசை பிறக்கும்பொழுது மகிழ்ச்சியே முன்னிற்கின்றது. கணக்குப் புத்தகத்தை எவரும் திறந்து பார்ப்பதில்லை.

இவ்விசை பரவியதில் வானொலிக்கு உள்ள பங்கை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. சிக்காகோவின் டபிள்யூ.பி.எம்.எக்ஸ். என்ற நிலையத்தில் 1981ஆம் ஆண்டு முதல் "ஹொட் மிக்ஸ் 5" என்னும் டீ.ஜே. குழுவினர் இடையறாத கலப்பிசையை ஒலிபரப்பினர். நடனக் கூடத்துக்குச் செல்லும் வயதும் துணிவும் இல்லாத பிள்ளைகள் வீட்டிலிருந்தே அதனைக் கேட்டு நாடாவிற் பதிந்துவைத்தனர். ஒரு வானொலி அறிவிப்பாளரின் அழைப்பால் தகர்க்கப்பட்ட இசைக்கு மற்றொரு வானொலி நிலையம் மறுவாழ்வு தந்தது. அடுத்து அது கடலையுங் கடந்தது. 1987 சனவரியில் சிக்காகோவின் ஸ்டீவ் ஹேர்லி ஆக்கிய "ஜக் யோர் பொடி" பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. பிறந்த நாட்டில் பெரும்பாலோர் அறியாதிருந்த இசையைப் பிரித்தானிய இளைஞர் கொண்டாடினர்.

நக்கிள்ஸ் 1980களின் பிற்பகுதியில் நியூயோர்க்குக்குத் திரும்பினார். அங்கே ஜூடி வைன்ஸ்டீன், டேவிட் மொறாலெஸ் ஆகியோருடன் "டெவ் மிக்ஸ்" என்ற அமைப்பிற் சேர்ந்து பணியாற்றினார். 1989இல் யப்பானியக் கலைஞர் சற்றோஷி தொமியேயுடனும் பாடகர் றொபேட் ஓவன்சுடனும் "ரியர்ஸ்" என்ற பாடலைத் தந்தார். 1991இல் அவருடைய "பியோண்ட் த மிக்ஸ்" என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதிலுள்ள "த விசில் சோங்" என்பதில் சொற்பாடல் இல்லை. புல்லாங்குழல் போன்ற ஓர் இன்னொலி தாளத்தின்மீது மெல்ல நடந்து செல்லும். எறிக் கப்பருடன் சேர்ந்து ஆக்கிய அப்படைப்பு அமெரிக்க நடன இசை வரிசையில் முதலிடம் பெற்றது.

இக்காலத்தில் அவர் பெரிதும் செய்த பணி "றீமிக்ஸ்" என்னும் மறுவாக்கம். ஒலிப்பதிவுக் கூடத்திற் பாடகரின் குரல் ஒரு தடத்திலும், ஒவ்வொரு வாத்தியமும் வேறு வேறு தடத்திலும் பதியப்பட்டிருக்கும். மறுவாக்கம் செய்பவர் குரலை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அகற்றிவிட்டு, புதிய தாளமும் புதிய சுரக்கோவையும் அமைப்பார். பழைய கோபுரத்தைப் பேணிக்கொண்டு மண்டபத்தைப் புதிதாகக் கட்டுவது போன்றது அது. சாக்கா கான், மைக்கல் ஜக்சன் முதலான பெரும் பாடகரின் பாடல்கள் நக்கிள்சின் கையில் இவ்வாறு புதுவடிவம் பெற்றன. குரலை அவர் சிதைத்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பொறியின் தாளம் எவ்வளவு கடினமாயினும் அதன்மேல் மனிதக் குரலின் இரக்கம் கேட்கவேண்டும் என்பதே அவர் கொள்கை எனலாம். 1998ஆம் ஆண்டு நடைபெற்ற கிராமி விழாவில், மறுவாக்கக் கலைஞருக்கென முதன்முறையாக ஏற்படுத்தப்பட்ட விருது அவருக்கே வழங்கப்பட்டது. தட்டுச் சுழற்றுபவர் இசைக் கலைஞரா என்ற கேள்விக்கு இசைத்துறையின் பேரவை அன்று விடை கூறிற்று.

எனினும் விருதுகளில் அடங்காத ஒரு திறமே அவருடைய உயிர்ப்பண்பு. ஒரு டீ.ஜே. ஆறு மணி, எட்டு மணி நேரம் தொடர்ந்து இசை நடத்துகின்றார். எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குச் சென்றால் நள்ளிரவில் கூட்டம் சோர்ந்துவிடும். தாழ்ந்தே நின்றால் சலித்துவிடும். எப்பொழுது உயர்த்துவது, எப்பொழுது இளைப்பாற விடுவது, எந்தப் பாடலுக்குப் பின் எந்தப் பாடல் பொருந்தும் என்பனவற்றை அவர் முன்னரே எழுதிவைத்துக்கொள்ள இயலாது. ஆடுவோரின் முகத்தையும் காலையும் பார்த்துக் கணந்தோறும் தீர்மானிக்கவேண்டும். திருவிழா இரவில் சுவாமி வீதிவலம் வரும்போது, கூட்டத்தின் நாடியறிந்து இராகத்தை விரிக்கவும் சுருக்கவும் வல்ல நாதஸ்வர வித்துவானுக்கு இந்நுட்பம் புதிதன்று.

இக்கூடங்களின் மீது சுமத்தப்படும் குறைகளையும் மறைத்தலாகாது. அளவுமீறிய ஒலி செவிப்புலனைக் கெடுக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. போதைப்பொருட்களும் இவ்வுலகிற் புகுந்து பல உயிர்களை வாட்டின. லறி லெவன் போதைப் பழக்கத்தால் நலிந்து 1992இல் 38ஆம் வயதிலேயே மறைந்தார். 1980களில் எயிட்ஸ் நோய் பரவியபோது, சனிக்கிழமை தோறும் ஆடிய தோழர்கள் ஒவ்வொருவராகக் காணாமற் போயினர். எஞ்சியோர் துக்கத்தைச் சுமந்துகொண்டே ஆடினர். நக்கிள்சின் இசையிலே களிப்பின் அடியில் ஒரு துயரம் இழையோடுவதைப் பலர் உணர்ந்திருப்பதற்கு இதுவும் காரணமாகலாம். தம் கூடத்தை வழிதவறியவரென்று உலகம் ஒதுக்கியவர்களுக்கான ஆலயம் என்ற கருத்துப்பட அவர் பேசியதுண்டு.

ஒதுக்கிய நகரம் பின்னாளிற் பெருமை செய்தது. 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் திகதி, வெயர்ஹவுஸ் நின்ற ஜெபர்சன் வீதியின் ஒரு பகுதிக்குச் சிக்காகோ நகரம் அவர் பெயரைச் சூட்டிற்று. அம்முயற்சிக்குத் துணைநின்றவர்களுள் ஒருவர் அப்பொழுது இலினோய் மாநில மேற்சபை உறுப்பினராயிருந்த பராக் ஒபாமா. பின்னாளில் அமெரிக்காவின் சனாதிபதியானவர். நீரிழிவு நோயால் நக்கிள்ஸ் உடல்நலங் குன்றினார். ஒரு பாதத்தையும் இழந்தார். ஆயினும் தொழிலை விடவில்லை. 2014 மார்ச் மாத இறுதியில் இலண்டனில் இசை நடத்திவிட்டுத் திரும்பியவர், அம்மாதம் 31ஆந் திகதி சிக்காகோவில் தமது 59ஆம் வயதிற் காலமானார். அவர் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான இசைத்தட்டுக்கள், அந்நகரின் தென்பகுதியில் முன்னர் வங்கியாயிருந்து 2015இல் கலை நிலையமாகத் திறக்கப்பட்ட கட்டடம் ஒன்றிற் பேணப்படுகின்றன. 2023ஆம் ஆண்டில் அந்தப் பழைய பண்டகசாலைக் கட்டடமும் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இன்று மின்னணு நடன இசை பெருஞ்செல்வம் புரளும் தொழிலாகிவிட்டது. பெருந்திடல்களில் பல்லாயிரவர் கூடுகின்றனர், டீ.ஜே.க்கள் வான்வழியே நாடுவிட்டு நாடு பறக்கின்றனர். முன்னர் நாடாவை அளந்து வெட்டிய வேலையைக் கணினி நொடியிற் செய்துவிடுகின்றது. இரண்டு பாடல்களின் தாளத்தை இணைக்கும் பொறுப்பையும் அதுவே ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் எந்தப் பாடலை எந்நேரத்தில் எவருக்காக ஒலிப்பது என்ற வினா மாத்திரம் இன்னமும் மனிதனிடமே விடப்பட்டுள்ளது. பிராங்கி நக்கிள்ஸ் அவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டார். பாடகர் தம் உள்ளத்தைப் பாடுகின்றார். நக்கிள்சோ தம் எதிரே நின்றவர்களின் உள்ளத்தைக் கேட்டு, அதற்குப் பொருந்திய பாட்டைத் தேடிக் கொடுத்தார். அவ்வாறு கேட்கத் தெரிந்தவரை இசைக் கலைஞர் என்று அழைப்பதில் தவறில்லை.